வேலையளிப்பவர் ஆதரவு விசா மறுப்பும் தீர்ப்பாய மறுஆய்வும்

வேலையளிப்பவர் ஆதரவு விசா என்பது, ஒரு நாட்டிலுள்ள நிறுவனம் தனக்குத் தேவையான திறன்சார் பணியாளரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்காகப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் பணி நுழைவிசைவு ஆகும். இத்தகைய விசா மறுக்கப்படும்போது, மறுத்த அலுவலரின் முடிவைச் சார்பற்ற வேறோர் அமைப்பு மீண்டும் பரிசீலிப்பது தீர்ப்பாய மறுஆய்வு எனப்படும். இந்த நடைமுறை முழுமையாக வளர்ந்துள்ள நாடுகளுள் ஆஸ்திரேலியா குறிப்பிடத்தக்கது. அங்கு இப்பணியைச் செய்வது நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம். 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் கணிசமானோர் தகவல் தொழில்நுட்பம், மருத்துவம், சமையல், வாகனப் பழுதுபார்ப்பு போன்ற வேலைகளுக்கான விசாக்களில் சென்றவர்கள் என்பதால், இந்தச் சட்டப் பகுதி தமிழருக்கு நெருங்கிய தொடர்புடையது.

பின்னணி

ஆஸ்திரேலியாவில் வேலையளிப்பவர் ஆதரவுடன் தற்காலிகமாகப் பணிபுரியும் 457 தர விசா 1996 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. 2018 மார்ச் 18 அன்று அதன் இடத்தை 482 தரத் தற்காலிகத் திறன் பற்றாக்குறை விசா பிடித்தது. 2024 டிசம்பர் 7 முதல் அதே 482 தரம் 'தேவையுள்ள திறன்கள்' விசா என்று பெயரும் அமைப்பும் மாறியது. இதனுடன், நிரந்தர வாழிட உரிமை தரும் 186 தரமும், பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வட்டாரங்களுக்கான 494 தரமும் நடைமுறையில் உள்ளன. 494 தரம் 2019 நவம்பர் 16 அன்று அறிமுகமானது.

மறுஆய்வு அமைப்புகளும் பலமுறை மாறியுள்ளன. 1989இல் குடிவரவு மறுஆய்வுத் தீர்ப்பாயம் உருவானது. 1999இல் அதற்குப் பதிலாகக் குடிபெயர்வு மறுஆய்வுத் தீர்ப்பாயம் வந்தது. 2015 ஜூலை 1 அன்று அது, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டது. உறுப்பினர் நியமனங்களில் அரசியல் சார்பு, தேங்கிய வழக்குகள் ஆகிய குறைகளைச் சுட்டிக்காட்டி அந்த அமைப்பைக் கலைக்கப்போவதாக 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது. 2024 அக்டோபர் 14 அன்று இன்றைய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. பழைய தீர்ப்பாயத்தில் முடிவுறாமல் இருந்த வழக்குகள் புதிய தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டன.

மூன்று படிகள்

482 தர விசாவைப் புரிந்துகொள்ள அதன் மூன்று படிகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதற்படி, நிறுவனம் ஆதரவாளராக ஒப்புதல் பெறுவது. நிறுவனம் சட்டப்படி இயங்குகிறதா, அதன்மீது பாதகமான தகவல் ஏதும் உண்டா என்பவை இங்கு பார்க்கப்படும்.

இரண்டாம் படி, முன்மொழிவு. இன்ன பணியிடத்துக்கு இன்ன ஆளை, இன்ன சம்பளத்தில் அமர்த்துகிறோம் என்று நிறுவனம் விண்ணப்பிப்பது இது. தொழில் அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். உள்ளூரில் ஆள் தேடி விளம்பரம் செய்ததற்குச் சான்று வேண்டும். சம்பளம், அதே வேலைக்கு ஆஸ்திரேலியர் பெறும் அளவுக்குக் குறையாமலும் அரசு நிர்ணயித்த வரம்புக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நெடுங்காலம் ஆண்டுக்கு 53,900 டாலராக நின்றிருந்த இந்த வரம்பு, 2023 ஜூலை 1 அன்று 70,000 டாலராகவும், 2024 ஜூலையில் 73,150 டாலராகவும், 2025 ஜூலையில் 76,515 டாலராகவும் உயர்த்தப்பட்டது.

மூன்றாம் படி, பணியாளரின் விசா விண்ணப்பம். கல்வித்தகுதி, பணி அனுபவம், ஆங்கிலத் திறன், உடல்நலம், நடத்தை ஆகியவை இதில் ஆராயப்படும்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் நிறுவனத்தின் கையில் உள்ளவை. மூன்றாவது மட்டுமே பணியாளருடையது. ஆனால் முதலிரண்டில் எது விழுந்தாலும் மூன்றாவதும் விழும். தன் ஆவணங்களில் ஒரு குறையும் இல்லாத பணியாளர், நிறுவனத்தின் கணக்கேட்டில் உள்ள குறைக்காக விசா இழப்பது இந்த அமைப்பின் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

மறுப்புக்கான பொதுவான காரணங்கள்

முன்மொழிவு மறுக்கப்படுவதற்கு அடிக்கடி காட்டப்படும் காரணம், 'பணியிடம் மெய்யானது அல்ல' என்பதாகும். பத்து இருக்கைகள் கொண்ட சிறு உணவகம் ஒன்று 'உணவக மேலாளர்' பதவிக்கு ஆள் கேட்டால், அந்த அளவுள்ள கடைக்கு மேலாளர் தேவையா, அல்லது பரிமாறும் வேலைக்கு அப்பெயர் சூட்டப்பட்டுள்ளதா என்று அலுவலர் ஐயுறுவார். உள்ளூர் விளம்பரம் குறித்த விதிகளைப் பின்பற்றாமை, சம்பள ஒப்பீட்டுக்குச் சான்றின்மை, சொன்ன சம்பளத்தைக் கொடுக்க நிறுவனத்துக்கு வலு இருப்பதாகக் காட்ட இயலாமை ஆகியவை பிற காரணங்கள்.

விசா விண்ணப்பத்தில், அனுபவக் கடிதத்தில் எழுதியுள்ள பணிகளும் முன்மொழிந்த தொழிலின் வரையறையும் பொருந்தாமை முதன்மையான சிக்கல். தமிழ்நாட்டுச் சிறு பட்டறைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிந்தவர்களுக்கு இது கூடுதல் சுமை. ரொக்கமாகக் கூலி பெற்றவரிடம் சம்பளச் சீட்டோ வருங்கால வைப்புநிதிப் பதிவோ இருப்பது அரிது. பல ஆண்டுகள் செய்த வேலைக்கு முதலாளியின் ஒரு பக்கக் கடிதம் மட்டுமே சான்றாக மிஞ்சும்.

பொய்யான ஆவணம் அல்லது தவறாக வழிநடத்தும் தகவல் தரப்பட்டதாகக் கண்டறியப்பட்டால் விளைவு கடுமையானது. 4020 எண் கொண்ட பொதுநல விதியின்படி, பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மறு விசா கிடைக்காது. அடையாளம் குறித்த பொய்யென்றால் தடை பத்து ஆண்டுகள். 2014இல் திரிவேதி வழக்கில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றத்தின் முழு அமர்வு இவ்விதியை விளக்கியது. தற்செயலான பிழை மட்டும் போதாது, வேண்டுமென்றே செய்த பொய்மை இருக்க வேண்டும். ஆனால் அதைச் செய்தவர் விண்ணப்பதாரராகவே இருக்கவேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். முகவர் தன் கைப்பட இணைத்த போலிச் சான்றிதழுக்கும் விண்ணப்பதாரரே விலை கொடுக்க நேரிடும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

யார் மறுஆய்வு கோரலாம்

முன்மொழிவு மறுக்கப்பட்டால் மறுஆய்வு கோரும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. பணியாளரின் பெயர் அதில் இருந்தாலும், அவருடைய எதிர்காலம் அதைச் சார்ந்திருந்தாலும், அவரால் அம்மறுஆய்வைத் தொடங்க முடியாது. நிறுவனம் ஆர்வமிழந்தால், மூடப்பட்டால், அல்லது பணியாளரோடு மனக்கசப்பு கொண்டால், அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

விசா மறுக்கப்பட்டால் பணியாளர் மறுஆய்வு கோரலாம். ஆயினும் 482 தரத்தில் அதற்கு நிபந்தனைகள் உள்ளன. விசாவுக்கு விண்ணப்பித்தபோதும் மறுஆய்வு கோரும்போதும் அவர் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்திருக்க வேண்டும். அத்துடன், மறுஆய்வு கோரும் வேளையில் அவரைக் குறிப்பிடும் முன்மொழிவு ஒன்று ஒப்புதல் பெற்று நடப்பில் இருக்க வேண்டும், அல்லது முன்மொழிவு மறுப்பின் மீதான நிறுவனத்தின் மறுஆய்வு நிலுவையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்கு அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரமே கிடையாது. இதனால் நிறுவனத்தின் மறுஆய்வு விண்ணப்பம் பணியாளரின் விண்ணப்பத்துக்கு முன்னதாகப் பதிவாக வேண்டியது இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஆலம்பரைக் கோட்டைக்கு அருகில் உள்ள ஊர் கடப்பாக்கம். அவ்வூரைச் சேர்ந்த வாகன மெக்கானிக்குகள் இருவரை ஒரே ஆஸ்திரேலியப் பட்டறை வேலைக்கு எடுப்பதாகக் கொள்வோம். ஒருவர் ஏற்கெனவே மாணவர் விசாவில் அந்நாட்டில் இருக்கிறார். மற்றவர் கடப்பாக்கத்திலிருந்தே விண்ணப்பிக்கிறார். பட்டறையின் முன்மொழிவு ஒப்புதல் பெற்றபின், இருவருடைய விசாக்களும் அனுபவச் சான்று போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கப்படுகின்றன. முதலாமவர் தீர்ப்பாயத்தை நாடி, உறுப்பினர் முன் பேசி, புதிய சான்றுகளைத் தரலாம். இரண்டாமவர் தாமே அந்த வழியை நாட முடியாது. குறைகளைச் சரிசெய்து, கட்டணம் செலுத்தி, மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிப்பதே அவர் தாமாகச் செய்யக்கூடியது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே குறை; இருவரும் நின்ற இடம் மட்டுமே வேறு.

காலக்கெடுவும் கட்டணமும்

குடிபெயர்வு வழக்குகளில், தடுப்புக்காவலில் இல்லாத ஒருவர், மறுப்பு முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 28 நாள்களுக்குள் மறுஆய்வு கோர வேண்டும். பழைய தீர்ப்பாயத்தில் பெரும்பாலான இத்தகைய வழக்குகளுக்கு 21 நாள்களே இருந்தன. இந்தக் கெடுவை நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. முகவர் மின்னஞ்சலைப் பார்க்கத் தவறினார், நோயில் படுத்திருந்தார் என்பன போன்ற காரணங்கள் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் உதவமாட்டா. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டால், அது பெறப்பட்டதாகவே சட்டம் கொள்ளும்.

மறுஆய்வுக் கட்டணம் ஏறத்தாழ 3,500 ஆஸ்திரேலிய டாலர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று இது திருத்தப்படுகிறது. கடும் பண நெருக்கடியில் இருப்போர் பாதிக் கட்டணச் சலுகை கோரலாம். மறுஆய்வில் சாதகமான முடிவு கிடைத்தால் கட்டணத்தில் பாதி திருப்பித் தரப்படும். நிறுவனத்தின் முன்மொழிவு வழக்குக்கும் பணியாளரின் விசா வழக்குக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு.

விசாரணை எப்படி நடைபெறும்

தீர்ப்பாயம் செய்வது தகுதிநிலை மறுஆய்வு. அலுவலர் தவறு செய்தாரா என்று மட்டும் பார்ப்பது இதன் நோக்கம் அன்று. அலுவலரின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, எல்லாச் சான்றுகளையும் புதிதாக எடைபோட்டு, சரியான முடிவு எது என்று தீர்ப்பாயம் காண்கிறது. அதனால் முதல் விண்ணப்பத்தில் தராத சான்றுகளையும் இங்கே தரலாம். மறுப்புக்குப் பின் நிகழ்ந்தவையும் பல நேரங்களில் கணக்கில் கொள்ளப்படும்.

நீதிமன்றத்தின் சாட்சியச் சட்ட விதிகள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. உறுப்பினரே கேள்வி கேட்பார். துறையின் சார்பில் எதிர்வாதம் செய்ய வழக்கறிஞர் அமர்ந்திருப்பது இவ்வழக்குகளில் வழக்கமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும். விசாரணை நேரிலோ காணொளி வழியாகவோ தொலைபேசியிலோ நடக்கலாம். விண்ணப்பதாரருக்குப் பாதகமான தகவல் தீர்ப்பாயத்திடம் இருந்து, அதன் அடிப்படையில் முடிவெடுக்க நேர்ந்தால், அத்தகவலை அவருக்குத் தெரிவித்துப் பதில் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்பது சட்டம்.

பணியிடம் மெய்யானதா என்ற கேள்வியில், நிறுவனத்தின் கணக்கறிக்கைகள், வரித் தாக்கல்கள், சம்பளப் பட்டியல், பணியாளர் அமைப்பு வரைபடம், அந்தப் பதவியின் அன்றாடப் பணிகள் ஆகியவை கேட்கப்படும். பணியாளர் வழக்கில், முன்னாள் முதலாளியின் விரிவான கடிதம், வங்கிக் கணக்கு வரவுகள், பணியிடப் படங்கள், உடன் பணியாற்றியோரின் உறுதிமொழிகள், தொழில் திறன் மதிப்பீடு போன்றவை எடுபடும். 'நன்றாக வேலை செய்தார்' என்ற பொதுப்படையான கடிதத்தைவிட, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், என்னென்ன பழுதுகளைப் பார்த்தார் என்று எழுதப்பட்ட கடிதம் வலுவானது.

விசாரணை முடிவில் தீர்ப்பாயம் மறுப்பை உறுதிசெய்யலாம். முடிவை நீக்கிப் புதிய முடிவு எடுக்கலாம். அல்லது இன்ன தகுதியை விண்ணப்பதாரர் நிறைவுசெய்கிறார் என்ற அறிவுறுத்தலுடன் வழக்கைத் துறைக்கே திருப்பி அனுப்பலாம். விசா வழக்குகளில் வெற்றி என்பது பெரும்பாலும் மூன்றாவது வகையே. அதன்பின் உடல்நலம், நடத்தை போன்ற எஞ்சிய தகுதிகளைத் துறை சரிபார்க்கும்.

தீர்ப்பாயத்தால் கடக்க முடியாத எல்லையும் உண்டு. பரிவு காட்டி விசா தர அதற்கு அதிகாரம் இல்லை. ஒப்புதல் பெற்ற முன்மொழிவு இல்லையென்றால், பணியாளரின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தவர்கள் என்பதோ, ஊரார் அனைவரும் ஆதரவுக் கடிதம் கொடுத்தனர் என்பதோ சட்டத் தகுதிக்கு ஈடாகாது.

முன்மொழிவும் விசாவும் பின்னிய சிக்கல்

186 தரத்திலும், இப்போது புதிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டுள்ள 187 தரத்திலும், ஒரு விசா விண்ணப்பம் குறிப்பிட்ட ஒரு முன்மொழிவோடு பிணைக்கப்பட்டது. அந்த முன்மொழிவு தோற்றால், அதே நிறுவனம் அதே பதவிக்குப் புதிய முன்மொழிவு தந்து பழைய விசா விண்ணப்பத்தைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி 2017இல் சிங் வழக்கில் எழுந்தது. முடியாது என்று கூட்டரசு நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறியது.

482 தரத்தில் வேறொரு சிக்கல் காணப்படுகிறது. ஒப்புதல் பெற்ற முன்மொழிவு 12 மாதங்களில் காலாவதியாகும். மறுஆய்வு அதைவிட நீண்டால், வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே அதன் அடித்தளம் கரைந்துபோகலாம். காத்திருப்புக் காலத்தைப் பணியாளரால் சுருக்கவும் முடியாது, நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

காத்திருக்கும் காலத்தின் வாழ்க்கை

மறுஆய்வு நிலுவையில் இருக்கும்வரை பணியாளர் பொதுவாக ஏ வகை பிரிட்ஜிங் விசாவில் சட்டப்படி தங்கலாம். தீர்ப்பாயம் பாதகமாக முடிவெடுத்தால், அந்த விசா 35 நாள்களில் முடிவுறும். ஏ வகை விசாவில் நாட்டைவிட்டு வெளியேறினால் அது அழிந்துவிடும். திரும்பி வர முடியாது. ஊரில் பெற்றோருக்கு உடல்நலக் கேடு என்றாலும், இறப்புச் செய்தி வந்தாலும், முதலில் பி வகை பிரிட்ஜிங் விசா பெற்ற பின்பே பயணம் செய்ய வேண்டும்.

விசா மறுக்கப்பட்டவர் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டு வேறு விசாவுக்கு விண்ணப்பிப்பதற்குக் குடிபெயர்வுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2021 நவம்பர் 13 முதல் 190, 491, 494 ஆகிய தரங்களுக்கு இத்தடையிலிருந்து விலக்கு உண்டு.

விசா கிடைத்து வேலையில் இருப்பவரும் நிறுவனத்தை விட்டு விலகினால், புதிய ஆதரவாளரைத் தேடக் குறுகிய காலமே முன்பு இருந்தது. 60 நாள்களாக இருந்த அந்தக் கெடு, 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாள்களாகவும், விசாக் காலம் முழுவதற்கும் 365 நாள்களாகவும் நீட்டிக்கப்பட்டது. விசா நிலையைக் காட்டி மிரட்டிப் பணியாளரைச் சுரண்டும் முதலாளிகளுக்குத் தண்டனை விதிக்கும் சட்டத் திருத்தமும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. ஆதரவுக் கையொப்பத்துக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பர் முதல் சட்டவிரோதம்.

தீர்ப்பாயத்துக்கு அப்பால்

தீர்ப்பாயத்தில் தோற்றவர் 35 நாள்களுக்குள் ஆஸ்திரேலியக் கூட்டரசுச் சுற்று மற்றும் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம். அங்கு விசா தரலாமா வேண்டாமா என்பது ஆராயப்படுவதில்லை. தீர்ப்பாயம் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதா, நியாயமான வாய்ப்பை மறுத்ததா என்பன போன்ற அதிகார வரம்புப் பிழைகள் மட்டுமே பார்க்கப்படும். பிழை இருந்தால் வழக்கு மீண்டும் தீர்ப்பாயத்துக்குச் செல்லும்.

பொதுநலன் கருதி அமைச்சர் நேரடியாகத் தலையிட்டுச் சாதகமான முடிவு தரும் அதிகாரமும் உண்டு. எந்த வேண்டுகோளை அமைச்சரிடம் கொண்டுசெல்வது என்பதைத் துறை அலுவலர்களே வடிகட்டி வந்தனர். 2023 ஏப்ரலில் டேவிஸ் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அமைச்சருக்கு மட்டுமே உரிய பொதுநல முடிவை அலுவலர்கள் எடுப்பது அதிகாரத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பின், வேலை விசா மறுப்பை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் முழு மேல்முறையீடு செய்யும் உரிமை நீங்கியது. மறுத்த துறையே தன் முடிவில் பிழை உண்டா என்று பார்க்கும் நிர்வாக மறுபரிசீலனை மட்டும் உண்டு. நாட்டுக்குள் இருப்பவருக்கு 14 நாள்களும் வெளியே இருப்பவருக்கு 28 நாள்களும் கெடு. அதன்பின் நீதிமுறை மேலாய்வே வழி.

அங்கு 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பதான் வழக்கு, இந்தியப் பணியாளர் ஒருவரைப் பற்றியது. அவர் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தபோது, 2016 மார்ச்சில் அவருடைய நிறுவனத்தின் ஆதரவாளர் உரிமம் நீக்கப்பட்டது. துறை அதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று மாதங்கள் கழித்து, உரிமமற்ற நிறுவனம் என்ற காரணத்துக்காக விண்ணப்பம் மறுக்கப்பட்டபோதுதான் அவருக்குத் தெரியவந்தது. பணியாளரின் தவறு ஏதுமில்லாத நிலையில், உரிம நீக்கத்தை உடனே தெரிவிக்காதது நடைமுறை நியாயத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் வேறு வேலை தேடக் கூடுதல் காலம் வழங்கும் கடமை துறைக்கு இருப்பதாகப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை அனுமதி மறுக்கப்பட்டால், மனிதவள அமைச்சிடம் மேல்முறையீடு செய்ய வேண்டியது வேலையளிப்பவரே. இதற்கெனத் தனித் தீர்ப்பாயம் இல்லை. அமெரிக்காவில் எச்-1பி மனு நிறுவனத்துடையது என்பதால், நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகத்தை நாடும் உரிமையும் நிறுவனத்துடையதே. சென்னைத் துணைத் தூதரகம் போன்ற இடங்களில் விசா மறுக்கப்பட்டால், அம்முடிவில் நீதிமன்றங்கள் மிக அரிதாகவே தலையிடும்.

தமிழ்நாட்டில் உள்ள பாதுகாப்புகள்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் வசூலிக்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் ஆகும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இயங்குகிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இல் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் குடிபெயர்வு ஆலோசனையைக் கட்டணம் பெற்று வழங்க, பதிவு பெற்ற முகவருக்கோ வழக்கறிஞருக்கோ மட்டுமே உரிமை உண்டு.

விவாதங்கள்

வேலையளிப்பவரின் ஆதரவை அடிப்படையாகக் கொண்ட விசா, உள்ளூர்த் தொழிலாளரின் கூலியைக் காக்கிறது, உண்மையான பற்றாக்குறைக்கே ஆள் வருவதை உறுதிசெய்கிறது என்பது அதை ஆதரிப்போர் வாதம். முன்மொழிவு நிறுவனத்தின் வணிகத்தைப் பற்றியது; எனவே அதை வாதாட நிறுவனமே தகுதியானது என்பதும் அவர்கள் கருத்து.

முடிவின் பாரம் முழுவதும் பணியாளர்மீது விழும்போது வழக்காடும் உரிமை மட்டும் முதலாளியிடம் இருப்பது முறையல்ல என்பது எதிர்வாதம். சம்பளக் குறைவைத் தட்டிக்கேட்டால் மறுஆய்வைக் கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் பணியாளர்கள் வாய்மூடி இருப்பதை அவர்கள் சுட்டுகின்றனர். வேலை மாறும் கெடுவை நீட்டித்த 2024ஆம் ஆண்டு மாற்றம் இவ்வச்சத்தைக் குறைக்கும் முயற்சி. ஆயினும் முன்மொழிவு மறுப்பை எதிர்த்துப் பணியாளரே மறுஆய்வு கோரும் உரிமை அம்மாற்றத்தில் சேர்க்கப்படவில்லை.